இடுப்பு முதல் குதிகால் வரை

அரபியில் இந்த நோவுக்கு 'இர்குன் நஸா' என்று பெயர். யூனானி வைத்தியர்கள் இன்றும் அந்தப் பெயரையே சொல்கிறார்கள். ஆயுர்வேதத்தில் அது 'கிருத்ரசி'. கிருத்ரம் என்றால் கழுகு. நோயாளி காலை இழுத்து இழுத்து வைக்கும் நடை கழுகின் நடையைப் போலிருப்பதால் அந்தப் பெயர் என்பார்கள். ஆங்கில வைத்தியத்தில் 'சயட்டிக்கா'. எங்கள் நமுனுகுல தோட்டப் புறத்தில் பெயரெல்லாம் கிடையாது. "இடுப்புல புடிச்சு காலுக்கு இறங்கிருச்சு" என்பார்கள், அவ்வளவுதான். நான்கிலும் இந்தக் கடைசிப் பெயர்தான் எனக்கு மிகச் சரியாகப் படுகிறது. நோயின் முழுப் பயணமும் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது.

நபிமாரும் இந்த நோவுக்கு விலக்கல்ல. ஆலு இம்றான் சூராவின் 93வது வசனத்தில், இஸ்ராயீல் தம்மீது தாமே விலக்கிக் கொண்ட உணவைப் பற்றி வருகிறது. இஸ்ராயீல் என்பது யஃகூப் (அலை) அவர்கள். அவர்களுக்கு இர்குன் நஸா கண்டிருந்தது, அதனால் ஒட்டக இறைச்சியையும் பாலையும் தவிர்த்துக் கொண்டார்கள் என்று இப்னு அப்பாஸ் (ரழி) வழியாக வரும் அறிவிப்பைக் கொண்டு முஃபஸ்ஸிர்கள் விளக்குகிறார்கள். பிள்ளையைப் பிரிந்த துயரில் கண் வெளுத்துப் போன அதே நபிதான். இரவில் புரண்டு படுக்க முடியாமல் கிடந்த நாட்களில் அந்த வசனம் எனக்குப் பெரிய துணையாக இருந்தது.

இப்னு மாஜாவில் இதற்கான மருந்தும் வருகிறது. நாட்டரபியின் ஆட்டு வால் கொழுப்பை உருக்கி, மூன்று பங்காக்கி, மூன்று நாட்கள் வெறும் வயிற்றில் குடிப்பது. ஹிஜாஸ் வாசிகளுக்கும் அவர்களை அண்டியோருக்கும், குறிப்பாகப் பாலைவனத்தவருக்கும் உரிய வைத்தியம் அது என்று இப்னுல் கையிம் எழுதியிருக்கிறார். ஒன்பது முடிகளைக் கொண்டதால் பெயர் பெற்ற, 2036 மீற்றர் உயரமான நமுனுகுல மலையின் அடிவாரத்தில் கொழுத்த வால் ஆட்டுக்கு எங்கே போவது? இங்கே உள்ளதெல்லாம் தேயிலை, பனி, பசறை வழியாகப் பதுளைக்குப் போகும் வளைந்த பாதை.

எனக்கு நோவு வந்தது 2022 ஜூன் மாதத்தில். நான் தோட்டப் பாடசாலையில் தமிழ் கற்பிப்பவன். ஒரு சுபஹுக்கு வுழூச் செய்யப் பைப்படியில் குனிந்தேன், தும்மல் வந்தது, இடது இடுப்பில் ஏதோ சொடுக்கியது. லுஹருக்குள் அது பிட்டத்தில் இறங்கி, தொடையின் பின்பக்கம் வழியாகக் கெண்டைக்காலின் வெளிப்புறம் தொட்டுப் பெருவிரலில் போய் நின்றது. இருந்தால் நோகும், இருமினால் நோகும். பஸ்ஸில் ஏறினால் ஒவ்வொரு குழியும் காலுக்குள் விழும்.

பதுளையில் பார்த்த டொக்டர் என்னை மல்லாத்திப் படுக்க வைத்து, முழங்கால் மடங்காமல் இடது காலை மெல்ல உயர்த்தினார். பாதி உயரம் போகுமுன்பே நான் "யா அல்லாஹ்" என்று விட்டேன். "சரி, விளங்கிச்சு" என்றார். இந்தப் பரிசோதனையை எழுத்துக்காரர்களாகிய நாம் அறிந்து வைத்திருப்பது தகும். இதை 1880ஆம் ஆண்டில் முதலில் விவரித்தவர்களில் ஒருவர் லாசா லாசரேவிச் என்ற செர்பிய டொக்டர். பெல்கிரேடில் வைத்தியம் பார்த்த அவர் சிறுகதை எழுத்தாளரும்கூட. செர்பிய மொழியில் மனவியல் சிறுகதைக்கு வழி திறந்தவர் என்று அவரைச் சொல்கிறார்கள். 39 வயதில் இறந்து போனார். பிரான்ஸில் லாசேக் என்ற பேராசிரியரின் மாணவர் ஒருவர் 1881இல் இதையே எழுதினார். உலகம் லாசேக்கின் பெயரையே வைத்துக் கொண்டது. சிற்றிதழில் எழுதுகிறவர்களுக்கு இந்த விதி புதிதல்ல.

டொக்டர் சொன்ன விளக்கம் இதுதான். நம் உடம்பிலேயே மிகத் தடித்த நரம்பு இது. இடுப்பு எலும்பின் கீழ்ப்பகுதியில் ஐந்து வேர்களாகப் புறப்பட்டு, ஒன்றாகிப் பிட்டத்தின் ஊடாகக் காலுக்கு இறங்குகிறது. முள்ளந்தண்டின் எலும்புகளுக்கு இடையே சவ்வு வில்லைகள் இருக்கின்றன. ஓரம் நார், உள்ளே பசை போன்ற பொருள். ஓரம் நைந்தால் பசை பிதுங்கி வெளியே வரும். வந்தது நரம்பின் வேரை நெருக்கும், அதை அழலவும் வைக்கும். நோவு பாதத்தில், காரணம் இடுப்பில். 1764இல் நேப்பிள்ஸ் நகரத்து கொட்டுன்யோ என்ற வைத்தியர் இது நரம்பின் நோய் என்று தனி நூலே எழுதினார். ஆனாலும் பிதுங்கிய வில்லைதான் பெரும்பாலும் காரணம் என்பது 1934இல் பொஸ்டனைச் சேர்ந்த மிக்ஸ்டர், பார் என்ற இருவரின் கட்டுரைக்குப் பிறகே பரவலாக ஏற்கப்பட்டது.

"பயப்பட வேணாம். அநேகம் பேருக்கு ஆறு கிழமையில இருந்து பன்னெண்டு கிழமைக்குள்ள தானாக் குறையும். பிதுங்கினத உடம்பே கொஞ்சம் கொஞ்சமாக் கரைச்சிடும். அதுவரைக்கும் படுத்த படுக்கையாக் கிடக்கக்கூடாது" என்றார்.

முன்பெல்லாம் பலகையில் வாரக் கணக்கில் படுக்கச் சொல்வார்கள். என் வாப்பாவை அப்படித்தான் கிடத்தி வைத்திருந்தார்கள். இன்று வைத்தியம் அதை விட்டு வெகுதூரம் வந்துவிட்டது. இயன்ற மட்டும் நடமாடு என்பதே இப்போதைய அறிவுரை.

அன்று பிசியோதெரபி பிரிவிலிருந்த சகோதரி அரை மணித்தியாலம் எனக்குப் பயிற்சி காட்டித் தந்தார். கிழமைக்கொரு தடவை வரச் சொன்னார். ஆனால் அது எந்த வருடம் என்பதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். பெற்றோல் இல்லை, டீசல் இல்லை, பஸ் வந்தாலும் அதில் கால் வைக்க இடமில்லை. பாடசாலைகள் மூடப்பட்டன. மருந்துக்கும் தட்டுப்பாடு. என் நிலைமையை விளங்கிக் கொண்ட அந்தச் சகோதரி ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதித் தந்தார். எங்கள் வீட்டின் நடு அறைதான் அதன் பிறகு எனக்குப் பிசியோதெரபி.

தாளில் இருந்ததை இங்கே சொல்வது பிரயோசனமாக இருக்கும். முதலாவது, குப்புறப் படுத்தல். பாயில் வயிற்றை வைத்து, முகத்தை ஒரு பக்கம் சாய்த்து, இரண்டு மூன்று நிமிடம் சும்மா கிடப்பது. அது பழகியபின் முழங்கைகளை ஊன்றி நெஞ்சை உயர்த்துவது. அதுவும் பழகியபின் உள்ளங்கைகளை ஊன்றி, இடுப்பைப் பாயில் விட்டபடியே மேலுடம்பை மட்டும் தூக்கி இறக்குவது, பத்துத் தடவை. ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை. இரண்டாவது, மல்லாந்து முழங்கால்களை மடக்கிப் பாதங்களை ஊன்றி, பிட்டத்தை மெல்ல உயர்த்தி ஐந்து எண்ணி இறக்குவது. மூன்றாவது, கதிரையில் நிமிர்ந்திருந்து, நோவுள்ள காலை முழங்காலிலிருந்து மெதுவாக நீட்டி, உடனே மடக்குவது. பிடித்து வைத்து இழுக்கக் கூடாது. நரம்பு அதன் உறைக்குள் அசைந்து பழகுவதற்கு அது. நான்காவது, நடை. பத்து நிமிடம், மேடு பள்ளமில்லாத இடத்தில். நமுனுகுலவில் அப்படி ஓர் இடம் தேடுவதே பெரிய வேலை. கடைவீதியின் ஒரு துண்டில் மேலும் கீழுமாக நடந்தேன்.

இவற்றுக்கெல்லாம் மேலாக ஒரு விதியை அந்தச் சகோதரி இரண்டு கோடிட்டு எழுதியிருந்தார். பயிற்சி செய்யும்போது நோவு பாதத்திலிருந்து மேலேறி இடுப்புப் பக்கம் ஒதுங்கினால் நல்லது, இடுப்பு கொஞ்சம் கூட நொந்தாலும் பரவாயில்லை. நோவு இன்னும் கீழே இறங்கினால் அந்தப் பயிற்சியை உடனே நிறுத்த வேண்டும்.

இந்த விதிக்கு ஒரு கதை உண்டு. 1956இல் நியூசிலாந்தின் வெலிங்டன் நகரில் ரொபின் மக்கென்சி என்ற பிசியோதெரபிஸ்ட், ஒரு நோயாளியை உள்ளே போய்க் குப்புறப் படுக்கச் சொன்னார். அந்தக் கட்டிலின் தலைமாடு வேறொருவருக்காக உயர்த்தி வைக்கப்பட்டிருந்தது. மனிதர் அதிலேயே முதுகு பின்னால் வளையப் படுத்துக் கொண்டார். ஐந்து நிமிடம் கழித்து வந்து பார்த்த மக்கென்சி பதறிப் போனார். நோயாளியோ, வாரக் கணக்காக இருந்த கால் நோவு போய்விட்டது என்றார். அதிலிருந்து ஒரு முறையே பிறந்தது.

ஆனால் எல்லோருக்கும் இதே வழியல்ல. வயது போய் முள்ளந்தண்டின் குழாய் ஒடுங்கியவர்களுக்குப் பின்னால் வளைந்தால் நோவு கூடும், குனிந்தால் சுகமாக இருக்கும். அவர்கள் மல்லாந்து படுத்து முழங்காலை நெஞ்சுக்குக் கொண்டு வருவார்கள். எனவே ஒருவரின் தாள் மற்றவருக்கு அப்படியே பொருந்தாது. டொக்டரிடம் ஒரு தடவை காட்டிய பிறகே பாயை விரிக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் முதல் ஆட்சேபணை வைத்திய சம்பந்தமானதல்ல.

"குப்புறப் படுக்கிறது அல்லாஹ் விரும்பாத படுக்கை எண்டு எங்களுக்கு ஓதித் தந்தீக்கிறாங்களே. நீங்க ஒரு நாளைக்கு ஆறு தரம் படுத்தா எப்பிடி?" என்று மனைவி கேட்டார்.

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அந்த ஹதீஸை நானும் ஓதியவன்தான். பள்ளி மௌலவியிடம் கேட்டேன். அவர் சிரித்துக் கொண்டே, "அது தூங்குறதப் பத்தி வந்தது. நீங்க தூங்கவா படுக்கிறீங்க? மருந்துக்குப் படுக்கிறீங்க. முடிஞ்சதும் எழும்பிடுங்க" என்றார். அன்றிலிருந்து என் மனைவி கடிகாரத்துடன் பக்கத்தில் இருப்பார். மூன்று நிமிடம் முடிந்ததும் "எழும்புங்க, தூங்கப் பாக்குறீங்க" என்பார்.

தொழுகைதான் பெரிய கேள்வியாக இருந்தது. ருகூஉவுக்குக் குனிந்தால் கால் முழுவதும் மின்சாரம் ஓடியது. ஸுஜூதிலிருந்து எழும்ப முடியவில்லை. "தொழுகையே ஒரு உடற்பயிற்சிதானே, தொடர்ந்து தொழுதா சுகமாயிடும்" என்று சிலர் அன்போடு சொன்னார்கள். நான் அப்படி எண்ணவில்லை. தொழுகை இபாதத், இடுப்பைக் குணமாக்குவதற்காக அது கடமையாக்கப்படவில்லை. பிதுங்கிய வில்லைக்கு முன்னால் குனிவது ஆகாது என்றால் அதற்கு மார்க்கம் தந்திருக்கும் சலுகையை எடுப்பதும் இபாதத்தான். இம்ரான் இப்னு ஹுஸைன் (ரழி) அவர்களுக்கு மூல நோய் இருந்தபோது, நின்று தொழ, இயலாவிட்டால் இருந்து, அதுவும் இயலாவிட்டால் விலாப்புறமாகப் படுத்துத் தொழ நபி (ஸல்) அவர்கள் வழி சொன்னார்கள். புகாரியில் வரும் ஹதீஸ். மௌலவியும், நிற்க முடிவதால் நின்று தொழுங்கள், குனிய முடியாத இடத்தில் சைக்கினை செய்யுங்கள், ஸுஜூதுக்கான சைக்கினை ருகூஉவை விடச் சற்றுத் தாழ்வாக இருக்கட்டும் என்று சொன்னார்.

ஆனால் நெற்றி நிலத்தில் படாமல் எழும்பி வருவது ஒரு விதமான பசி. நாற்பது வருடப் பழக்கம் அது. நோவை விட அந்தப் பசிதான் என்னை ஒவ்வொரு நாளும் பாய்க்குக் கொண்டு போனது.

சுபஹ் மிகக் கஷ்டமாக இருந்ததற்கும் காரணம் உண்டு. இரவு முழுவதும் படுத்திருக்கும்போது வில்லைகள் நீரை உறிஞ்சி உப்பிக் கொள்ளும். எழும்பிய முதல் ஒரு மணித்தியாலம் குனிவதால் அவற்றுக்கு வரும் அழுத்தம் மற்ற நேரத்தை விட அதிகம். எனவே சுபஹுக்கு எழும்பியதும் குனிந்து பாயைச் சுருட்டுவது, வாளி தூக்குவது எல்லாவற்றையும் நிறுத்தினேன். வுழூவை நின்ற நிலையில், கப்பில் தண்ணீர் எடுத்துச் செய்தேன். கால் கழுவ ஒரு ஸ்டூலில் இருந்தேன். இந்தச் சின்ன மாற்றம் மாத்திரையை விட அதிகம் உதவியது.

ஜூலை 10ஆந் திகதி ஹஜ்ஜுப் பெருநாள். முதல் நாள் கொழும்பில் ஜனாதிபதி மாளிகைக்குள் சனம் புகுந்திருந்தது. பள்ளியில் எல்லோரும் அதைப் பற்றியே பேசினார்கள். நான் கடைசி ஸப்பில் கதிரைக்குப் பக்கத்தில் நின்று தக்பீர் சொன்னேன். அன்று முதல் தடவையாக ருகூஉவுக்கு முக்கால்வாசி குனிய முடிந்தது. காலில் மின்சாரம் வரவில்லை. பெருவிரல் மட்டும் விறைத்தது. ஒன்பதாவது கிழமையில் ஒரு அஸர் நேரம், வீட்டில், என் நெற்றி முஸல்லாவைத் தொட்டது. எவ்வளவு நேரம் அப்படியே இருந்தேன் என்று மனைவிதான் சொல்ல வேண்டும். "கடிகாரத்தப் பாக்கல்ல" என்கிறார்.

என் கதை இங்கே முடிந்திருந்தால் இதை எழுத வேண்டிய தேவை இருந்திருக்காது. எனக்கு லீவு இருந்தது, சம்பளம் வந்தது, பாய் விரிக்க அறை இருந்தது.

எங்கள் வீட்டுக்கு மேலே லயத்தில் இருக்கும் ஒரு பெண் கொழுந்து எடுப்பவர். நாற்பது வயதைத் தாண்டியவர். என் மனைவியிடம் வந்து, "அக்கா, சேருக்கு என்ன வருத்தமோ அதே வருத்தந்தான் எனக்கும், ரெண்டு மாசமா. சேருக்கு வந்தா லீவு. நமக்கு வந்தா பேரு போச்சு" என்றார்.

தோட்டத்து வாழ்வு அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு நாள் வேலைக்கு ஒரு 'பேர்'. நிர்ணயித்த கிலோ வராவிட்டால் அரைப் பேர். 2021இல் சம்பள நிர்ணயச் சபை மூலம் ஒரு நாளைக்கு ஆயிரம் ரூபா ஆனது. 2022இல் கோதுமை மா விலை ஏறிய வேகத்தில் அந்த ஆயிரம் கரைந்து போனது. அந்த நேரத்தில் ஒரு பேர் போவதென்றால் அடுப்பில் ரொட்டிக்கல் ஏறாமல் போவது. அவர் சரிவான மலையில் ஒரு காலை மேலும் ஒரு காலைக் கீழும் ஊன்றி, செடிக்கு மேல் குனிந்து கொழுந்து எடுக்கிறார். முதுகில் தொங்கும் பாரத்தின் கயிறு தலையில் கிடக்கிறது. குனிந்த முதுகில் சுமை என்பது அந்த வில்லைகளுக்கு மிகக் கொடிய நிலை. சயட்டிக்காவை எப்படி உண்டாக்குவது என்று யாராவது பாடத்திட்டம் எழுதினால் அது இந்த வேலையைப் போலத்தான் இருக்கும்.

மனைவி அவரைக் கதவடைத்த அறைக்குள் கூட்டிப் போய் என் தாளை வைத்துக் கொண்டு பார்த்தார். "தங்கச்சி, குதிகாலால நடங்க பாப்பம்" என்றார். தாளின் கீழே அந்தச் சோதனை எழுதப்பட்டிருந்தது. இடது பாதம் உயர்ந்தது. வலது பாதத்தின் முன்பகுதி நிலத்தை விட்டு எழும்பவேயில்லை. மனைவி வெளியே வந்து என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். பாதம் பலமிழந்தால் அது வீட்டுப் பயிற்சிக்கு உரியதல்ல, உடனே ஆஸ்பத்திரி.

"நாளைக்குப் போனா ஒரு பேரு போயிரும் அக்கா. ஞாயித்துக்கெழம போறேனே" என்றார் அந்தப் பெண்.

"ஒரு பேரு போனா திரும்பி வரும். பாதம் போனா வருமா?" என்று மனைவி கேட்டார்.

மறுநாள் முதல் பஸ்ஸில், கணவரோடு, நின்றபடி பதுளைக்குப் போனார். மூன்று முறை போனார். சத்திர சிகிச்சை தேவைப்படவில்லை. ஆறு கிழமைக்குச் சுமை தூக்கக் கூடாதென்று கடிதம் கொடுத்தார்கள். தோட்டத்தில் அந்தக் கடிதத்துக்குக் கிடைத்த பதில், பிள்ளைக் காம்பராவில் உதவி வேலை. சுமை தூக்கக் கூடாதவருக்குப் பிள்ளை தூக்கும் வேலை. அவர் அதைச் சொல்லிச் சிரித்தார்: "கொழுந்த விடப் பிள்ளை பாரந்தான் சேர். ஆனா பிள்ளைய இறக்கி வச்சா அது நடக்கும்."

லயத்துக் காம்பரா பழைய கணக்கில் பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதில் ஐந்து பேர். குப்புறப் படுக்க இடம் வேண்டுமென்றால் மற்றவர்கள் எழும்ப வேண்டும். எனவே ஆஸ்பத்திரியில் அவருக்கு வேறொன்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நின்றபடி, இரண்டு கைகளையும் இடுப்பின் பின்பக்கம் வைத்து, முழங்கால் மடங்காமல் பின்னால் சாய்ந்து நிமிர்வது, பத்துத் தடவை. அதற்குப் பாய் தேவையில்லை, அறையும் தேவையில்லை. மூன்று மாதத்துக்குப் பிறகு மலைக்குத் திரும்பியபோது, காலை, பகல், பின்னேரம் என்று கொழுந்து நிறுக்கும் மூன்று வேளையும் பாரத்தை இறக்கியதும் அதைச் செய்தார். முதல் நாள் கணக்கப்பிள்ளை, "என்ன, டான்ஸா?" என்று கேட்டாராம். அடுத்த கிழமை நிரையில் நின்ற இன்னும் நான்கு பேர் சேர்ந்து கொண்டார்கள். முதுகு நோவு இல்லாத பெண் அந்த நிரையில் யார் இருக்கிறார்?

2024இல் நாட்சம்பளத்தின் அடிப்படை 1350 ரூபாவாக உயர்ந்தது. குனிவதன் அளவு உயரவுமில்லை, குறையவுமில்லை. எனக்கும் அந்த வருடம் ஒரு தடவை நோவு எட்டிப் பார்த்தது. பாயை விரித்தேன், இரண்டு கிழமையில் போய்விட்டது. அந்தப் பெண்ணின் பாதம் இப்போது நன்றாக உயர்கிறது, பெருவிரலில் மட்டும் கொஞ்சம் பலக்குறைவு மீதியிருக்கிறது.

மனைவி அந்தத் தாளைக் கையால் பிரதி எடுத்து லயத்துப் பெண்களுக்குக் கொடுத்து வருகிறார். எழுத்து வாசிக்கச் சிரமப்படுபவர்களும் இருப்பதால் எல்லாவற்றையும் குச்சி மனிதர்களாக வரைகிறார். குப்புறக் கிடக்கும் ஒருவர், பிட்டம் உயர்த்தும் ஒருவர், கதிரையில் கால் நீட்டுபவர், நடப்பவர், கைகளை இடுப்பில் வைத்துப் பின்னால் சாய்பவர். ஐந்து படம். ஆறாவது படம் ஒரு பஸ். பாதம் தூக்க முடியாவிட்டால், இரண்டு காலும் பலமிழந்தால், சிறுநீர் கட்டிக் கொண்டால் அல்லது தெரியாமல் போனால், மறைவிடத்தில் உணர்ச்சி மரத்தால், நோவோடு காய்ச்சல் வந்தால் அதற்குப் பயிற்சி கிடையாது, அந்தப் பஸ்தான். படத்தைக் கொடுக்கும்போது இதை மட்டும் அவர் வாயால் சொல்லி, கேட்டவரைத் திருப்பிச் சொல்லவும் வைக்கிறார்.